ஒரே ஊர்க்காரர்கள், ஒன்பது கோப்பை: பாலிஹேல் ஷாம்ராக்ஸ் கதை

வணக்கம் மக்களே! இன்றைக்கு அயர்லாந்துக்குப் போகிறோம், கில்கெனி கவுன்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) தென்பகுதிக்கு. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் என்ற ஆட்டத்தில், ரொம்ப நாளாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த கிளப் இது. பெயர் பாலிஹேல் ஷாம்ராக்ஸ்.

முதலில் இந்த மட்டையைப் பாருங்கள், கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். இதுதான் ஹர்லி. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், வேர் வளைந்து இறங்கும் இடத்திலிருந்து வெட்டி எடுப்பார்கள். அதனால் மரத்தின் ரேகையும் மட்டையின் நுனியோடு சேர்ந்து வளைந்து போகிறது, பாருங்கள். அந்த வளைவு இருந்தால்தான் ஓங்கி அடித்தாலும் மட்டை சட்டென்று பிளக்காது. பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அது 3 புள்ளி. ஒரு பக்கத்துக்கு 15 பேர். ஆட்டம் புரிய இப்போதைக்கு இது போதும்.

சரி, கிளப்புக்கு வருவோம். பாலிஹேல், நாக்டாஃபர், நாக்மொய்லன் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1972-ல் இவை சேர்ந்து ஒரே கிளப் ஆகின்றன. ஆறே வருடத்தில், 1978-ல், கில்கெனி கவுன்டியின் சீனியர் பட்டம். 1981-ல் அகில அயர்லாந்து கிளப் பட்டம். அந்தக் காலத்து அணியில் ஃபெனெல்லி குடும்பத்து அண்ணன் தம்பிகள் மட்டும் ஏழு பேர்! 1984-லும் 1990-லும் மறுபடி அகில அயர்லாந்து பட்டம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கிவந்து இறக்கவும் முடியாது. எந்தப் பங்கில், அதாவது எந்தத் தேவாலயத்தைச் சுற்றிய ஊர்வட்டத்தில், பிறந்து வளர்ந்தீர்களோ, அந்தக் கிளப்புக்குத்தான் ஆடுவீர்கள். அப்படியென்றால் ஒரு நல்ல தலைமுறை ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்? பாலிஹேலுக்கு நடந்ததுதான் ஆகும். 1991-ல் கவுன்டி பட்டம் வென்றவர்கள், அடுத்த பட்டத்துக்கு 2006 வரை காத்திருந்தார்கள். பதினைந்து வருடம்! எனக்கு இந்தக் கிளப்பைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். கோப்பை வராத அந்த வருடங்களிலும் சின்னப் பையன்களைத் தயார்படுத்துவதை அவர்கள் விடவில்லை. அப்படி வளர்ந்து வந்தவர்தான் ஹென்றி ஷெஃப்லின். கில்கெனி கவுன்டி அணிக்காக 10 அகில அயர்லாந்து பதக்கம் வென்றவர். அவருக்குப் பின்னால் டி.ஜே. ரீட், அதோடு ஃபெனெல்லி வீட்டின் அடுத்த தலைமுறையான மைக்கேல், காலின்.

கில்கெனியில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கவுன்டி பட்டம் வென்ற கிளப்தான் அடுத்த வருடக் கில்கெனி அணிக்குக் கேப்டனைச் சொல்லும். விளைவைப் பாருங்கள்: 2007-ல் ஷெஃப்லின், 2008-ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், 2009-ல் மைக்கேல் ஃபெனெல்லி. மூன்று வருடமும் கவுன்டி அணிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கிய கை பாலிஹேல்காரர் கை! ஒரு சின்னப் பங்குக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கிளப் பட்டங்களும் தொடர்ந்து வந்தன. 2007, 2010, 2015. அப்புறம் ஷெஃப்லின் பயிற்சியாளராகத் திரும்பி வந்து 2019, 2020 இரண்டையும் வென்று கொடுத்தார். கொரோனாவால் அடுத்த வருடம் போட்டியே இல்லை. ஆக, 2022 பிப்ரவரியில் தொடர்ந்து மூன்றாவது பட்டத்துக்காக டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் இறங்குகிறார்கள். எதிரே வாட்டர்ஃபோர்ட் கவுன்டியின் பாலிகன்னர் கிளப்.

இப்போது கிளிப் ஓடுகிறது பாருங்கள். ஆட்டம் நின்ற நேரத்துக்காகக் கடைசியில் சேர்த்த நிமிடங்களின் இறுதி நொடிகள், பாலிஹேல் 2 புள்ளி முன்னிலை. பாலிகன்னரின் ஹாரி ரடில் பந்தோடு ஓடி வருகிறார், தூரத்திலிருந்தே அடிக்கிறார், வலைக்குள்! ஒரே அடியில் ஆட்டம் தலைகீழ். 2-17க்கு 1-19 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; ஆக மொத்தம் 23க்கு 22), ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் அதே வருடம் டிசம்பரில், அரையிறுதியில், அதே பாலிகன்னர் எதிரே வந்து நிற்கிறது. இந்த முறை பாலிஹேல் ஜெயித்தது. 2023 ஜனவரியில் இறுதியாட்டத்தில் ஆன்ட்ரிம் கவுன்டியின் டன்லாயை வென்று ஒன்பதாவது பட்டத்தையும் எடுத்தார்கள். அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங்கில் வேறு எந்தக் கிளப்பும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஹர்லிங்கே பார்த்ததில்லை என்பவர்கள் அந்த 2022 இறுதியாட்டத்தில் தொடங்குங்கள், முழு ஆட்டமும் பாருங்கள். டி.ஜே. ரீட் ஃப்ரீ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடி) எடுக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள்: தரையில் கிடக்கும் பந்தை மட்டை நுனியால் கிளப்பி, அது கீழே இறங்குவதற்குள் அடித்துவிடுவார். அடுத்த வீடியோவில் பெண்கள் ஆடும் கமோகியைப் பற்றிப் பேசலாம். வரட்டுமா!