மெத்தையில் படுத்த கைதிகள்

நண்பர்களே, படம் பார்த்துவிட்டு வெளியே வந்த யாரும் ஹிட்லரைத் திட்டவில்லை, அதில் வருகிற பர்கர் என்ற கைதியைத்தான் திட்டிக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை, படம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டெஃபான் ருஸோவிட்ஸ்கி 2007-இல் எடுத்த இந்த 'தி கவுன்டர்ஃபீட்டர்ஸ்' ஆஸ்திரியாவுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது, அது இருக்கட்டும். இது நடந்த கதை. பெர்லினுக்குப் பக்கத்தில் ஸாக்ஸன்ஹவுஸன் முகாமில் இரண்டு கொட்டடிகளைத் தனியாக வேலி போட்டு அடைத்து, அச்சுத்தொழிலும் அதைச் சார்ந்த வேலையும் தெரிந்த யூதக் கைதிகளை ஆஷ்விட்ஸ் மாதிரி முகாம்களிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்து, பிரிட்டிஷ் பவுண்டு நோட்டு அடிக்க வைத்தார்கள் நாஜிகள். சுமார் 140 பேர் அடித்தது 13 கோடி பவுண்டுக்கு மேல். அதில் ஒருவர்தான் அடால்ஃப் பர்கர். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்துதான் படமே வந்தது. அவர் மனைவி கிஸெலாவை ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்கெனா முகாமில் கொன்றார்கள்.

இந்த 140 பேருக்கு மெத்தை உண்டு, வயிறாரச் சாப்பாடு உண்டு, பிங்பாங் மேசைகூட உண்டு. இவர்கள் பிங்பாங் ஆடுகிற இடத்தில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கைதியைச் சுடுகிற சத்தம் கேட்கிறதே, அந்தக் காட்சிதான் எனக்கு மொத்தப் படமும். யாரையும் கண்ணில் காட்டாமல், வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு, இங்கே உயிரோடு இருப்பவன் மேல் ஒரு பழியைச் சுமத்திவிடுகிறார் இயக்குநர். நோட்டை நன்றாக அடித்தால் ஹிட்லரின் போருக்குக் காசு, அடிக்காவிட்டால் கூட இருக்கிறவனுக்குக் குண்டு. இன்னொரு கைதியான ஸோரோவிட்ஷ் இன்றைக்குப் பிழைத்தால் போதும் என்கிறான், பவுண்டுக்கு அடுத்து அடிக்கச் சொன்ன டாலர் நோட்டு வேலையை பர்கர் வேண்டுமென்றே கெடுக்கிறான். இருவரில் யார் சரி என்று சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பர்கரை நினைத்து அவ்வளவு எரிச்சல்பட்டும் ஸோரோவிட்ஷ் அவனைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. கள்ளநோட்டு அடித்து வாழ்ந்தவன் அவன், நியாயம் தர்மம் பேசுகிறவனும் இல்லை, ஆனாலும் கூட்டாளியைப் போட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் அந்தக் கடைசிப் பகுதி. காவலர்கள் ஓடிப்போனபிறகு மற்ற கைதிகள் துப்பாக்கியோடு உள்ளே வருகிறார்கள், எலும்பும் தோலுமாக. இவர்களோ சதைப்பிடிப்பாக இருக்கிறார்கள். வந்தவர்கள் இவர்களை ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்கள் என்றே நினைத்துவிடுகிறார்கள். சட்டைக்கையை ஏற்றி, ஆஷ்விட்ஸில் குத்திய எண்ணைக் காட்டித்தான் உயிர் தப்ப வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. டாலரைத் தாமதப்படுத்தியது பர்கர் ஒருவர்தான் என்பதுபோல் படம் சொல்லிவிடுகிறது. நிஜத்தில் நோட்டு அச்சடிக்கப் பயன்படுகிற ஜெலட்டின் பூச்சைக் கெடுத்து இழுத்தடித்ததில் முக்கியமானவர் ஆப்ரஹாம் ஜேக்கப்சன் என்ற டச்சுக்காரர். சினிமாவுக்கு ஒரு நாயகன் போதும், புரிகிறது. ஆனாலும் அவர் பெயரை எங்காவது ஓரிடத்தில் சொல்லியிருக்கலாம்.