‘ஊத்லெஈராஷ்’: ஒரு ஹங்கேரியச் சொல்லின் பிறப்பு

வணக்கம். பயண நூலைக் குறிக்க ஹங்கேரியர் வழங்கும் ‘ஊத்லெஈராஷ்’ என்ற கூட்டுச்சொல் எப்படி அமைந்தது என்பதை இந்தக் காணொளியில் பார்க்கவிருக்கிறோம்.

திரையில் அச்சொல்லை நான்காகப் பிரித்திருக்கிறோம். ‘ஊத்’ என்பது வழி. பயணத்தையும் அதுவே குறிக்கும். ‘லெ’ என்றால் கீழே, ‘ஈர்’ என்றால் எழுது, ‘ஆஷ்’ வினையைத் தொழிற்பெயராக்கும் விகுதி. பின்னுள்ள மூன்றும் சேர்ந்து ‘விவரிப்பு’ என்று பொருள்படுகின்றன.

விவரிப்பதில் ‘கீழே’ எதற்கு? லத்தீனிலும் ‘விவரி’ என்னும் வினை, ‘கீழே’ என்ற முன்னொட்டும் ‘எழுது’ என்ற வினையும் சேர்ந்ததுதான். ஜெர்மானியர் சொல்லும் ‘ரைஸபெஷ்ரைபுங்’ பயணத்தையும் விவரிப்பையும் இதே வரிசையில் இணைக்கிறது. ஹங்கேரியில் பல நூற்றாண்டுகள் ஆட்சிக்கும் கல்விக்கும் லத்தீனே மொழியாக இருந்ததாலும், வியன்னாவிலிருந்து ஜெர்மன் வந்து படிந்ததாலும், கற்றோர் இம்மூன்று மொழிகளுக்கிடையே வாழ்ந்தனர்.

அந்த நிலையை ஒரே நூலில் காணலாம். போலந்து, டென்மார்க், இங்கிலாந்து, பிரான்ஸ் எனப் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றிவந்த மார்டன் செப்ஷி சோம்போர், தம் அனுபவங்களை 1620இல் காஷ்ஷா நகரில் அச்சேற்றினார். அது ஹங்கேரிய மொழியில் அச்சான முதல் பயண நூல். ஆயினும் ‘யூரோப்பிகா வரியெடாஸ்’ என்ற அதன் தலைப்பு லத்தீன்.

1784இல், வியன்னாவிலிருந்து ஹங்கேரியை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஜெர்மனை ஆட்சிமொழியாக்கியபோது எழுந்த எதிர்ப்பு, எழுத்தாளர் ஃபெரென்ஸ் கசின்சி முன்னின்று நடத்திய மொழிச் சீர்திருத்தத்துக்கு உரமாயிற்று. புதிய கருத்துகளுக்கு இரவல் சொல் எடுக்காமல், வீட்டுப் புழக்கத்திலிருந்த வேர்களில் விகுதி சேர்த்தும் சொற்களை இணைத்தும் ஆயிரக்கணக்கான சொற்களை அவ்வியக்கத்தார் படைத்தனர். 1844இல் ஹங்கேரியமே ஆட்சிமொழியானது. பிறமொழியின் கட்டமைப்பில் சொந்த வேர்களைப் பொருத்தும் இந்த முறையை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குவது நியாயமன்று.

‘ஊத்’ வேரின் ஒலியைக் கவனியுங்கள்: பயணியைச் சுட்டும் ‘உத்தஷ்’ என்ற சொல்லில் நெடில் குறிலாகிறது, கூட்டுச்சொல்லிலோ நெடிலாகவே நிற்கிறது. கவிஞர் ஷாண்டோர் பெட்டோஃபி 1847இல் எழுதிய பயணக் கடிதங்களின் தலைப்பிலும் ‘ஊத்தி’ என நெடிலே. இதே வேரில் ‘ஊத்திநாப்லோ’ பயண நாட்குறிப்பையும், ‘ஊத்திராய்ஸ்’ இலக்கியச் சாயலுள்ள பயணச் சித்திரத்தையும், ‘ஊத்திக்கோன்யவ்’ சுற்றுலாப் பயணி கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூலையும் குறிக்கின்றன.