பைத்தியம்னு பேர் எடுத்த அப்ரேயு: 30 கிளப்புக்கும் மேல ஒரு பயணம்

வணக்கம் மக்களே! 2010 ஜூலை 2. நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி 12 மணிக்குத்தான் அந்த மேட்ச் ஆரம்பிச்சுது. ஜோஹன்னஸ்பர்க்ல உலகக்கோப்பை காலிறுதி, உருகுவேக்கும் கானாவுக்கும். ஹாஸ்டல்ல டிவி சத்தத்த குறைச்சு வச்சுட்டு பாத்தேன். கோலுக்குள்ள போக இருந்த பந்த உருகுவேயோட சுவாரஸ் கையால தடுத்தது, அதுக்கு கானாவோட ஜியான் அடிச்ச பெனால்டி மேல் கம்பில பட்டு போனது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். 1-1. பெனால்டி ஷூட்அவுட்.

உருகுவேக்கு கடைசி அடி. உள்ள போனா அரையிறுதி. 1970-க்கு அப்புறம் அவங்க அந்த இடத்தப் பாத்ததே இல்ல. முதுகுல 13-ஆம் நம்பரோட, நீள முடியோட ஒரு உயரமான ஆள் மெதுவா நடந்து வர்றார். செபஸ்தியான் அப்ரேயு. வேகமா ஓடி வந்தார், கோல்கீப்பர் கிங்சன் ஒரு பக்கம் பாஞ்சார், இவரு பந்துக்கு அடில லேசா ஒரு கொத்து. அவ்ளோதான். பந்து நடுவுல மிதந்துகிட்டே போய் விழுந்துச்சு. எனக்கு கை நடுங்கிடுச்சு.

இத 'பனென்கா'ன்னு சொல்லுவாங்க. 1976 ஜூன்ல, ஐரோப்பிய கோப்பை ஃபைனல்ல செக்கோஸ்லோவாக்கியாவோட பனென்கா மேற்கு ஜெர்மனிய இப்படித்தான் சாச்சார். அதே வருஷம் அக்டோபர்லதான் அப்ரேயு உருகுவேல மினாஸ்ங்கற ஊர்ல பொறந்தார்.

அவருக்கு 'எல் லோக்கோ'ன்னு பேரு. பைத்தியம்னு அர்த்தம். அந்த அடி கிறுக்குத்தனம்னு நிறைய பேர் நினைச்சாங்க. நான் அப்படி நினைக்கல. ரெண்டரை மாசம் முன்னாடி ஏப்ரல்ல போய் பாருங்க. பிரேசில்ல ரியோ நகரம், மரக்கானா மைதானம், அப்ரேயு அப்ப ஆடின பொட்டாஃபோகோவுக்கும் ஃபிளமெங்கோவுக்கும் மேட்ச். அதுக்கு முன்னாடி தொடர்ந்து மூணு வருஷம், 2007, 2008, 2009, ரியோ மாநிலப் பட்டத்த ஃபிளமெங்கோ பொட்டாஃபோகோ கையிலருந்து பறிச்சிருந்தாங்க. அங்கயும் அப்ரேயு அதே மிதக்குற பெனால்டிதான் அடிச்சார். 2-1. பட்டம் பொட்டாஃபோகோவுக்கு. பழக்கப்பட்ட கை பண்ற வேல மக்களே அது. சரி, இங்க கால்!

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். அப்ரேயு பேரத் தேடினா முதல்ல வர்றது அதிக கிளப்புக்கு ஆடினதுக்கான கின்னஸ் சாதனை. 2017 கடைசில சிலி நாட்டு ஆடாக்ஸ் இட்டாலியானோல சேர்ந்தப்ப அது அவரோட 26-ஆவது கிளப். அதுக்கு முன்னாடி 25 கிளப்போட லுட்ஸ் ஃபானன்ஸ்டீல்ங்கற ஜெர்மன் கோல்கீப்பர் அந்த இடத்துல இருந்தார். ஆட்டத்த விடறதுக்குள்ள அப்ரேயு 30-ஐத் தாண்டிட்டார். மொத்தம் 11 நாடு. இதக் கேட்டதும் "எங்கயும் நிலைக்காத ஆள்"னு ஒரு முடிவுக்கு வந்துடறாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

ஏன்னா முதல் பாதி அவர் முடிவே இல்ல. 1998-ல ஸ்பெயின்ல டெபோர்டிவோ லா கொருன்யா அவர வாங்குச்சு. அங்க சரியா வாய்ப்பு கிடைக்கல, ஒப்பந்தம் மட்டும் அவங்க கையில. அதனால லோன் மேல லோன், அதாவது இரவலா வேற வேற கிளப்புக்கு அனுப்பிட்டே இருந்தாங்க. பிரேசில்ல கிரேமியோ, மெக்சிகோல டெகோஸ், அர்ஜென்டினால சான் லோரென்சோ, சொந்த நாட்டுல நாசியோனல், மறுபடி மெக்சிகோல க்ரூஸ் அசூல். ஆனா போன இடத்துல என்ன பண்ணார்? 2001-ல சான் லோரென்சோவோட லீக் பட்டம். 2002-ல க்ரூஸ் அசூலுக்கு ஒரே சீசன்ல 19 கோல், மெக்சிகோ லீக்லயே அதிகம். ஒரு ஊருக்குப் போய், பாஷை பழகி, புது டீம்ல யார் எங்க பந்து போடுவாங்கன்னு கத்துக்கிட்டு, உடனே கோல் அடிக்கணும். நிலைக்காதவனால அது முடியாது.

மெக்சிகோல தொராதோஸ்னு ஒரு சின்ன டீம்ல இருந்தப்ப கூட ஆடினது யார் தெரியுமா? பின்னாடி பெரிய பயிற்சியாளரா ஆன பெப் கார்டியோலா! ஆட்டக்காரரா அவரோட கடைசி நாட்கள், 2006.

அப்புறம் அர்ஜென்டினால ரிவர் பிளேட், ஜெருசலேம்ல பெய்தார், கிரீஸ்ல ஆரிஸ். நடுவுல ஒரு விஷயம் விட்டுடக்கூடாது: 2009 நவம்பர்ல கோஸ்டா ரிக்காவோட பிளே-ஆஃப் ரெண்டாவது ஆட்டம், மான்டிவிடியோல 1-1. உருகுவேயோட அந்த ஒரு கோல் இவரோடது. அந்தத் தகுதிச் சுற்றத் தாண்டினதாலதான் தென்னாப்பிரிக்காவுக்கே போனாங்க. நாட்டுக்காக 70 மேட்ச், 26 கோல், 2011-ல தென் அமெரிக்க நாடுகளோட கோப்பையான கோபா அமெரிக்கா டீம்லயும் இருந்தார்.

ரெண்டாவது பாதி முழுக்க அவர் ஆசை. 40 வயசுல எல் சால்வடார்ல சான்டா டெக்லாவுக்கு ஆடினார். சிலில தெற்குப் பக்கம் புவெர்டோ மான்ட், ரெண்டாவது டிவிஷன். பெரிய காசு இல்லாத, பெரிய கேமரா இல்லாத மைதானங்க. அங்கயும் போய் பந்துக்குத் தலையக் குடுத்தார். இத நினைச்சா எனக்கு மனசு நெகிழ்ந்துடுது.

2021 ஜூன்ல 44 வயசுல, மான்டிவிடியோல சுட் அமெரிக்கா கிளப்புக்கு ஆடி முடிச்சார். அப்புறம் பயிற்சியாளரா பொலிவியா, பெரு, மெக்சிகோன்னு மறுபடி பெட்டி கட்டிட்டார்.

இன்னிக்கு ராத்திரி அந்த ரெண்டு பெனால்டியையும், மரக்கானா ஒண்ணு, ஜோஹன்னஸ்பர்க் ஒண்ணு, அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. பந்தப் பாக்காதீங்க, ஓடி வர்றப்ப அவர் முகத்தப் பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு கமென்ட்ல சொல்லுங்க. வரேன் மக்களே.