மருமகனுக்கு ஒரு கிறிஸ்தோபர்

வணக்கம் நேயர்களே. போன மாதம் என் தங்கை மகன் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்தான். தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியுமா? புனிதர் பதக்கம் ஒன்று வாங்கலாம் என்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கம் போனேன். செபமாலைக்கும் உத்தரியத்துக்கும் நடுவே ஒரு தட்டில் அந்தோனியார், சூசையப்பர், செபஸ்தியார் எல்லாரும் வளையத்தோடு வளையம் சிக்கிக் கிடந்தார்கள். கடைக்கார அம்மா, "பையனுக்கு என்ன வேலை?" என்றார். டிரைவர் என்றதும் விரலால் துழாவி, பயணம் போகிறவர்களுக்குப் பாதுகாவலரான கிறிஸ்தோபரை எடுத்து நீட்டிவிட்டார். கையில் கம்பு, தோளில் குழந்தை இயேசு, காலடியில் ஆறு.

"அவரைத்தான் திருச்சபை நீக்கிவிட்டதே" என்று யாராவது சொல்வார்கள். நீக்கவில்லை. 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய ஜூலை 25 திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். இன்றும் அவர் புனிதர்தான்.

ஆனால் என்னைக் கேட்டால், தொழிலைப் பார்த்து வாங்குவதைவிட ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது. இவனுக்கு வைத்த பெயர் அருளானந்தருடையது, அதாவது மறவர் சீமையில் அலைந்து 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட போர்ச்சுக்கல் சாமியார். அவர் பதக்கம் நான் பார்த்த நாலு கடையிலும் இல்லை. சரி, கிறிஸ்தோபரே வரட்டும் என்று வாங்கினேன்.

அப்புறம் ஒன்று, ஏற்கெனவே மந்திரித்தது என்று சொல்லி யாராவது விலை கூட்டினால் வாங்காதீர்கள், ஆசீரை விற்பது பாவம். சும்மா வாங்கிப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் நீட்டினால் இரண்டே நிமிடம். எங்கள் சாமியார் மந்திரித்துக் கொடுத்துவிட்டு, "இது தாயத்து இல்லை, பிரேக்கையும் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் ஆயா கழுத்தில் ஒரு அற்புதப் பதக்கம் கிடந்தது. 1830இல் பாரிசில் கத்தரீன் லபூரே என்ற கன்னியாஸ்திரி கண்ட மாதா காட்சியை வைத்து 1832இல் முதன்முதலாக அச்சடித்தார்களே, அந்த வகை. வியர்வையும் விரலும் பட்டுப்பட்டு மாதா முகமே வழவழவென்று போய்விட்டது, ஓரத்து எழுத்து மட்டும் நகத்தில் தட்டும். அலுமினியம்தான், எடைக்குப் போட்டால் ஒரு டீ கூட வராது. ஆயா இறந்தபோது அந்தப் பதக்கத்துக்குத்தான் வீட்டில் போட்டி.

மருமகன் முதலில் கண்ணாடியில் தொங்கவிட்டான், கண்ணை மறைக்கிறது என்று கழற்றிச் சாவியில் கோத்துக்கொண்டான். போன ஞாயிறு வாங்கிப் பார்த்தேன். சாவி உரசி உரசிக் குழந்தை இயேசுவின் மூக்கு இப்போதே மழுங்க ஆரம்பித்திருக்கிறது.