கெட்டி என்ற ஒரு சொல் போதாது

வணக்கம். பயாப்சி அறிக்கையில் கட்டி இறுகியிருப்பதைக் குறிக்க நாலைந்து கிரேக்க, லத்தீன் சொற்கள் வருகின்றன. தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் 'கெட்டியாகிவிட்டது' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில்தான் ஆட்சேபம்.

பழைய சொல் ஸ்கிரஸ். கடினமானது என்று பொருள். நுண்ணோக்கி வராத காலத்தில் வைத்தியருக்கு விரல்தான் கருவி. விரலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்டால் ஸ்கிரஸ், அவ்வளவுதான். இப்படி இறுகிய மார்பகப் புற்றை அறுத்தவர்கள், பழுக்காத பேரிக்காயை நறுக்குவது போலக் கத்தி நறநறக்கும் என்று எழுதிவைத்தார்கள்.

அப்புறம் நுண்ணோக்கி வந்தது. எதனால் இந்த இறுக்கம் என்று கேட்க முடிந்தது. டெஸ்மோபிளேசியா என்ற சொல் அதற்குப் பதில் சொல்கிறது. டெஸ்மோஸ் என்றால் கட்டு. காயம் ஆற்ற உதவும் நம் உடம்பின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் புற்றுச் செல்கள் தூண்டிவிடுகின்றன. அவையும் கொலாஜன் நாரை இழைத்துக் குவிக்கின்றன. அதாவது இறுக்கம் பெரும்பாலும் நம் சொந்தத் தழும்பு! 1986இல் நோயியல் அறிஞர் ஹெரால்டு டிவோராக் கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்றார். கணையப் புற்றில் பல நேரம் கட்டியின் பெரும்பகுதி இந்த நார்தான். அது நெருக்குவதால் இரத்தக் குழாய்கள் நசுங்கி, மருந்து உள்ளே போவதே பாடாகிறது. சரி, நார் செல்களை ஒழித்துவிட்டால்? 2014இல் எலிகளில் செய்து பார்த்தார்கள். கணையப் புற்று இன்னும் மூர்க்கமாகிவிட்டது.

கால்சிஃபிகேஷன் வேறு கதை. அங்கே படிவது கால்சியம் உப்பு. மார்பக எக்ஸ்ரேயில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் அது பெரும்பாலும் விரலுக்குச் சிக்காது. அவற்றில் பல தீங்கற்றவை. (பால் குடித்ததால் வந்ததா என்று கேட்பார்கள். சம்பந்தமே இல்லை.) தைராய்டில் வரும் பாப்பிலரி என்ற வகைப் புற்றில் உப்பு அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் மணிகளுக்குச் சாமோமா என்று பெயர். கிரேக்கத்தில் சாமோஸ் என்றால் மணல்.

ஸ்க்ளிரோசிஸ்தான் ஆளை ஏமாற்றும். அதற்கும் இறுகல் என்றே பொருள். ஆனால் மார்பகத்தில் வரும் ஸ்க்ளிரோசிங் அடினோசிஸ் புற்றே அல்ல. தொட்டால் கெட்டியாக இருக்கலாம், எக்ஸ்ரேயில் புற்று போலவும் தோன்றலாம். 'கெட்டிப்பட்ட கட்டி' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் அன்றிரவு தூங்க மாட்டார்.

டெஸ்மோபிளேசியாவை 'நாரிறுக்கம்' என்றும் கால்சிஃபிகேஷனை 'உப்புப் படிவு' என்றும் நான் எழுதுகிறேன். ஸ்க்ளிரோசிஸுக்குக் 'காய்ப்பு' என்று வைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக் காய்ப்போடு குழம்புகிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.