எஞ்சி நிற்பது எது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். 'எச்சம்' என்ற ஒரே ஒரு இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். 'முற்றுப்பெறாத சொல்' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் சொல்லிலேயே ஏதோ குறை இருப்பதுபோல் ஆக்கிவிடுகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

'எஞ்சு' என்ற வினையடியில் பிறந்தது எச்சம். எச்சிலும் அதே குடும்பம்தான். பறவையின் எச்சம் என்கிறோம், தொல்லுயிர் எச்சம் என்கிறோம். கழிவு, மிச்சம் என்றே மனம் போகிறது. வள்ளுவரிடம் போனால் சொல்லின் மதிப்பே கூடிவிடுகிறது. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில், எச்சத்துக்கு மக்கள், அதாவது பெற்ற பிள்ளைகள், என்று பொருள் கொண்டார் உரையாசிரியர் பரிமேலழகர். 'இசையென்னும் எச்சம்' என்று இன்னொரு குறள் புகழைச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 674ஆம் குறள்: 'வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்.' அணைக்காமல் விட்ட நெருப்பு மறுபடி மூளும். அந்த எச்சத்துக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். பெயர் 'எஞ்ச நிற்பது' பெயரெச்சம் என்கிறது நன்னூல். எஞ்சுவது எது, கவனியுங்கள்: அடுத்து வரவேண்டிய பெயர்! 'வந்த' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். வந்த பையனா, வந்த கடிதமா, வந்த வழியா? காலம் தெரிந்துவிட்டது, செயலும் தெரிந்துவிட்டது. பெயருக்காகக் காது காத்திருக்கிறது.

வினையெச்சம் இதைவிட அழகு. 'எழுந்து, கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்து...' மூன்று செயல் முடிந்தும், செய்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நானா நீயா என்று தெரியாது. 'சிரித்தாள்' என்ற முற்று வந்த பிறகுதான் அத்தனைக்கும் ஆள் கிடைக்கிறாள்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். அதில் எச்சம் பத்து வகை. 'அவளும் வந்தாள்' என்றால் போதும், வேறொருவரும் வந்தது அந்த 'உம்'மிலேயே தெரிந்துவிடும். அது உம்மை எச்சம். சொல்லாமல் விட்டதைக் குறிப்பால் உணரவைப்பது குறிப்பெச்சம்.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 'வந்த' என்று மட்டும் எழுதி, 'இங்கே என்ன எஞ்சியிருக்கிறது?' என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். விளக்கத்தை அப்புறம் எழுதிப் போடலாம்.