ஹெல்மட்டையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போங்கள்

வணக்கம் நேயர்களே.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர், ஒரே பயணத்தில் சுள்ளென்ற வெயிலையும் தூறலையும் பனிமூட்டத்தையும் பார்த்துவிடுவார். கண்ணில் பவர் உள்ளவருக்கு இந்த மூன்றும் கண்ணாடியில்தான் முதலில் தெரியும். ஆனால் கண்ணாடி வாங்கும்போது நம்மில் பலர் கடையிலுள்ள முகக்கண்ணாடியைப் பார்த்து, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று மட்டுமே யோசிக்கிறோம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் கடைக்கு ஹெல்மட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதைப் போட்டுப் பார்க்காமல் பிரேம் தெரிவு செய்யக் கூடாது என்பதே நான் இன்று வலியுறுத்த வந்த விடயம்.

காரணத்தைச் சொல்கிறேன். முழுமுக ஹெல்மட்டுக்குள் கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் பஞ்சு மெத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். கண்ணாடியின் கைகள் அந்த மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே நுழைய வேண்டும். கை தடிப்பாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் பொட்டில் வலி எடுக்கும். அதன் முனை காதுக்குப் பின்னால் அதிகமாக வளைந்திருந்தால் உள்ளேயே போகாது. காது மடலைக் குத்தும். ஆகவே மெல்லிய, முனை வரை ஏறக்குறைய நேராகப் போகும் கைகளைக் கேளுங்கள். ஹெல்மட்டைப் போட்டு, அதன் பிறகு கண்ணாடியை மாட்டி, பதினைந்து நிமிடம் கடையிலேயே உட்கார்ந்திருங்கள். கழற்றும்போது கண்ணாடிதான் முதலில் வர வேண்டும். ஹெல்மட்டை முதலில் இழுத்தால் கீல்கள் தளர்ந்துவிடும்.

வலி மட்டும் பிரச்சினையல்ல. ஒரு பக்கக் கன்ன மெத்தை பிரேமை மேலே தள்ளினால் லென்ஸ் சாய்ந்துவிடும். சாதாரணப் பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு ஒரு பக்கத்துக்கு மட்டும் மாறியிருப்பதால் குறித்த பாகையில் போடும் பவர், உள்ளவருக்கு நன்றாகவே தெரியும்: சிலிண்டர் 2.00 என்றால், 5 பாகை சாய்வுக்கே சுமார் 0.35 பவர் அளவுக்கு மங்கல் வரும். பகலில் அதைச் சமாளித்துவிடலாம். இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்குக்குப் பின்னால் பாதையோரம் நடந்து வருகிற ஆளைக் கண்டுபிடிக்க அந்த 0.35 மங்கல்கூட இல்லாத பார்வை வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக எழுத்துப் பலகையை வாசித்துத் தேறியதோடு கண் விடயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வெளிச்சமான அறையில் கறுப்பு எழுத்தை வாசிப்பது ஒன்று. இருட்டில் ஈரப் பாதையைப் படிப்பது முற்றிலும் வேறொன்று.

பிரேமின் உயரமும் முக்கியம். ஸ்கூட்டியில் நிமிர்ந்து உட்கார்வோம். சில மோட்டார் சைக்கிள்களில் உடல் முன்னே சாயும்; தலை குனிந்து, கண் லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்க்கும். லென்ஸின் உயரம் 30 மி.மீ.க்குக் குறைவாகவும் மேல் விளிம்பு தடிப்பாகவும் இருந்தால், கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேலே பார்க்கும் நொடியில் விளிம்புதான் கண்ணுக்கு முன்னால் நிற்கும். விளிம்பே இல்லாமல் திருகாணியால் மாட்டும் வகையை இதற்கு நான் பரிந்துரைப்பதில்லை. துளையிட்ட இடத்தில்தான் வெடிப்பு தொடங்கும்.

லென்ஸ் எதில் செய்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். உண்மையான கண்ணாடியில் செய்த லென்ஸ் வேண்டவே வேண்டாம். லொறி டயர் தெறிக்கும் கல் பட்டால் சில்லுச் சில்லாக உடையும். கடைகளில் சாதாரணமாகக் கொடுப்பது சி.ஆர். 39 என்ற பிளாஸ்டிக். அது தெளிவானது, விலை குறைந்தது. ஆனால் அடியைத் தாங்குவதில் பொலிகார்பனேட் அதைவிட மிக மேல். பொலிகார்பனேட் சீக்கிரம் கீறும் என்பதால் கடினப் பூச்சு அவசியம். அசிட்டோன் பட்டால் பொலிகார்பனேட் கெட்டுவிடும், எனவே நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அதனருகே கொண்டுபோகாதீர்கள். ட்ரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் கிடைத்தால் இன்னும் நல்லது. அது எடை குறைந்தது, ஓரப் பார்வையும் தெளிவு. புற ஊதாக் கதிர்களை இவ்விரண்டும் தாமாகவே தடுக்கும். மலையில் இது சின்ன விடயமல்ல. 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காசு கொடுப்பது வீண் செலவல்ல. பூச்சில்லாத பிளாஸ்டிக் லென்ஸ் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். இரவில் விளக்குகளின் பேய் உருவங்கள் தெரிவது அதனால்தான். ஆனால் குளிர்காலத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: கண்ணாடியைச் சுடுதண்ணீரில் கழுவுகிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்குப் பூச்சு விரியாது. மெல்லிய வலைபோல வெடித்து, எல்லா விளக்கையும் சிதறடிக்கும். பச்சைத் தண்ணீர்தான் சரி. காய்ந்த தூசியைச் சட்டை நுனியால் துடைப்பதும் அதே கேடுதான்.

இனி, வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ். இதைப் பற்றிக் கேட்காதவர் குறைவு. இதைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். ஹெல்மட்டின் முன்மறைப்பான வைசர் பெரும்பாலும் அந்தக் கதிரைத் தடுப்பதால், வைசரை மூடியபடி ஓட்டுகிறவருக்கு லென்ஸ் சரியாகக் கறுக்காது. திறந்த ஹெல்மட்காரருக்கு நன்றாகக் கறுக்கும், குளிரில் இன்னும் அதிகமாக. அங்கேதான் ஆபத்து. குளிரில் அது தெளிவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். இந்தப் பாதையிலுள்ள ரம்பொடைச் சுரங்கப்பாதை 225 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 20 விநாடியில் கடந்துவிடுவீர்கள். அதாவது முழுச் சுரங்கத்தையும் கறுப்புக் கண்ணாடியோடுதான் கடக்கிறீர்கள். வெயில் திடீரென்று பனிமூட்டமாக மாறும் இடங்களிலும் இதே கதைதான். நிறமில்லாத பவர் கண்ணாடியும், தேவைப்படும்போது கீழே இறக்கும் கறுப்பு உள் வைசருள்ள ஹெல்மட்டும் என்ற சேர்க்கையே என் தெரிவு.

போலரைஸ்ட் லென்ஸ் ஈரப் பாதையின் மினுமினுப்பை அடக்கும், உண்மைதான். ஆனால் சில டிஜிட்டல் மீட்டர்கள் அதன் வழியாகக் கறுப்பாகத் தெரியும். வைசரில் வானவில் கறைகள் தோன்றும். தார்ப்பாதையில் டீசல் சிந்திய இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்த மினுமினுப்புத்தான். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்காதீர்கள். எதிர் விளக்கு அடிக்கும்போது பாதசாரியைக் காண அது உதவவில்லை என்பதை 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கவனமாகக் கேளுங்கள். தூரம், கிட்டம் இரண்டும் ஒரே லென்ஸில் உள்ள புரோகிரெசிவ் கண்ணாடி வீட்டுக்கு நல்லது. மோட்டார் சைக்கிளில் அதன் கீழ்ப்பகுதி சில்லுக்கு முன்னால் வரும் குழியை மங்கலாக்கும். வாசிப்புப் பவர் +2.50 என்றால் அந்தப் பகுதி 40 செ.மீ. தூரத்துக்கானது, மீட்டரோ கண்ணிலிருந்து ஏறக்குறைய 65, 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. பக்கக் கண்ணாடியில் தெரியும் பஸ்ஸின் பிம்பம் அதற்கும் அப்பால் நிற்கும். அதை லென்ஸின் நெளிகிற ஓரப் பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். வாசிப்புப் பவர் +1.50 வரை உள்ள பலர் தூரப் பவர் மட்டும் போட்டாலே மீட்டரைப் படித்துவிடுவார்கள். முடியாதவர்கள் பைபோகல், அதாவது தூர லென்ஸின் கீழே கிட்டப் பவருக்குத் தனித் துண்டுள்ள கண்ணாடி, செய்யச் சொல்லுங்கள்: கீழ்த்துண்டில் முழுப் பவர் வேண்டாம், +1.50 போதும், அது 67 செ.மீ.க்குப் பொருந்தும். துண்டின் மேல்விளிம்பை வழக்கத்தைவிட 3 மி.மீ. தாழ்த்தச் சொல்லவும் மறக்காதீர்கள்.

பனியும் மூச்சும். குளிர்ந்த லென்ஸில் ஈர மூச்சுப் படும்போது நீர் படிகிறது. லென்ஸைச் சூடாக்க வழியில்லை, மூச்சைத் திருப்பலாம். மூக்குக்கு மேலே மூச்சுத் தடுப்பு உள்ள ஹெல்மட் அதற்குத்தான். வைசருக்குள் ஒட்டும் பின்லொக் தகடு வைசரை மட்டுமே காக்கும், கண்ணாடியைக் காக்காது. மூக்குத் தாங்கியைச் சரிசெய்யக்கூடிய பிரேமாக எடுத்தால், லென்ஸ் முகத்தோடு ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடலாம். புறப்படுமுன் ஒரு சொட்டுக் குழந்தைச் சம்பூவை லென்ஸில் தடவி, ஈரம் போக மென்துணியால் துடைத்தால் சில மணி நேரம் தாங்கும். பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது வைசரை ஒரு படி திறந்துவிடுங்கள்.

முகத்தைச் சுற்றி வளையும் பிரேமில் பவர் போட விரும்புகிறவர்கள், அந்த வளைவுக்கு ஏற்பப் பவரைத் திருத்திக் கணக்கிடும் கடையில் மட்டும் செய்யுங்கள். பழைய சீட்டில் உள்ளதை அப்படியே வெட்டிப் போட்டால் ஓரம் நீந்தும். கொண்டக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் காற்றில் கண் வரளும். மூடிய வைசரும், பையில் ஒரு கண்ணாடியும் இருக்கட்டும்.

புதுக் கண்ணாடியை வாங்கியதும் நின்ற மோட்டார் சைக்கிளில் ஹெல்மட்டோடு உட்கார்ந்து, மீட்டர், இரு பக்கக் கண்ணாடி, தூரத்து வாகன இலக்கத் தகடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் போட்ட பின்னும் தரை சாய்ந்தாற்போலத் தெரிந்தால், கண்மணிகளுக்கிடையிலான தூரத்தையும் சிலிண்டர் பாகையையும் கடையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அது சரியாகும்வரை பழைய கண்ணாடியோடு ஓட்டுங்கள்.